வேலைமுறையை மாற்றி அமைக்கும் அறிக்கை: ஒரு சாயப் பில்லிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் எம்பிஏ முடித்த கையோடு சேர்ந்திருக்கிறேன். முதலாளி கூப்பிட்டு, "நாம வேலை செய்யற முறையையே மாத்தி அமைக்கணும். பிசினஸ் பிராசஸ் ரீ-இன்ஜினியரிங் ரிப்போர்ட் ஒண்ணு ரெடி பண்ணுங்க, ஒரு மாசம் டைம்" என்றார். கிடைக்கிற மாதிரி அறிக்கைகள் எல்லாம் கட்டமும் அம்புக்குறியுமாக இருக்கின்றன. எங்கே தொடங்குவது? அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்? ஒரு மாதம் போதுமா?

பதில்:

"கம்பெனி வேலை செய்யும் முறை" என்ற தலைப்பில் அறிக்கை எழுத முடியாது. எழுதினால் நாற்பது பக்கம் வரும். முதலாளி நாலு பக்கம் புரட்டிவிட்டு "நல்லாயிருக்கு" என்பார், அத்தோடு அது அலமாரிக்குப் போய்விடும். ஒரே ஒரு வேலைத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் இருக்கும் ஒருவருக்கு ஏதோ ஒன்று தேவைப்படுவதில் தொடங்கி, அது அவர் கைக்குப் போய்ச் சேரும் வரை நடக்கும் அத்தனையும் ஒரு தொடர். பையர் விலை கேட்டு மெயில் போடுவதிலிருந்து நாம் விலை சொல்வது வரை ஒன்று. நூல் வாங்குவதிலிருந்து துணி கட்டிங் டேபிளுக்கு வருவது வரை ஒன்று. சாயப்பட்டறை துணியைத் திருப்பி அனுப்புவதிலிருந்து அவர்கள் கணக்கில் பணம் ஏறுவது வரை இன்னொன்று. எல்லாமே மூன்று நான்கு டிபார்ட்மெண்டைத் தாண்டிப் போகின்றன. கோளாறும் பெரும்பாலும் அந்தத் தாண்டும் இடத்தில்தான்.

எதை எடுப்பது என்று முதலாளியிடமே கேளுங்கள். ஆனால் "எந்த பிராசஸை மாத்தலாம் சார்?" என்று கேட்டால் "எல்லாத்தையும்" என்பார். போன சீசனில் அவருக்குத் தூக்கம் கெட்டது எதனால் என்று கேளுங்கள். ஏதோ ஒரு ஆர்டர் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் போய், லாபம் முழுக்கச் சரக்குக் கட்டணத்தில் கரைந்திருக்கும். அல்லது ஷிப்மெண்ட் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த ஸ்டைலில் நஷ்டம் என்று தெரிந்திருக்கும். அல்லது பிரிண்டிங்காரர் பழைய பாக்கி வராமல் அடுத்த லாட்டைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பார்.

முதல் அறிக்கை என்றால் நான் இந்த மூன்றாவதைத்தான் எடுப்பேன்: ஜாப் ஒர்க் (சாயம், பிரிண்டிங் மாதிரி வெளி யூனிட்டில் கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) பில் பாஸ் ஆகும் வழி. அதற்கு முழுக்கக் காகிதச் சாட்சி இருக்கிறது, யாரும் "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்ல முடியாது. துணிப் பிரிவு, மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்), கேட், அக்கவுண்ட்ஸ், முதலாளி என்று எல்லாரையும் தொட்டுப் போகிறது. சட்டமும் இப்போது அதில் கை வைத்திருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரீ-இன்ஜினியரிங் துறையின் பிரபலமான உதாரணமே ஒரு பில் பாஸ் செய்யும் டிபார்ட்மெண்ட்தான். 1990-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் மைக்கேல் ஹேமர் எழுதிய கட்டுரை ஃபோர்டு கார் கம்பெனியை எடுத்துக்கொண்டது. வட அமெரிக்காவில் மட்டும் சப்ளையர் பில்களைப் பார்க்க அவர்களிடம் 500-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கம்ப்யூட்டர் வைத்து அதில் 20 சதவீதத்தைக் குறைக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். அப்போது ஜப்பானின் மாஸ்டா கார் கம்பெனியைப் போய்ப் பார்த்தால், அங்கே அதே வேலைக்கு 5 பேர். மாஸ்டா சின்ன கம்பெனி என்று கழித்துப் பார்த்தாலும் இடிக்கிறது. ஃபோர்டில் என்ன நடந்தது என்றால், பர்ச்சேஸ் ஆர்டர் ஒரு பக்கம், சரக்கு வந்த ரசீது ஒரு பக்கம், சப்ளையர் பில் ஒரு பக்கம். மூன்றையும் வைத்து 14 விவரங்களை ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகாத பில்களைத் துரத்துவதிலேயே நாள் போனது. பிறகு மாற்றினார்கள். ஆர்டர் போடும்போதே அது டேட்டாபேஸில் ஏறிவிடும். சரக்கு இறங்கும் இடத்தில் இருப்பவர் திரையில் பார்ப்பார். ஆர்டர் இருந்தால் வாங்கிக்கொள்வார், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். வாங்கிய சரக்குக்குப் பணம் தானாகப் போகும். ஒப்பிட வேண்டியது பார்ட் எண், அளவு அலகு, சப்ளையர் கோடு என மூன்றே மூன்று. ஆட்கள் 75 சதவீதம் குறைந்தார்கள். "பில் வந்தால் பணம்" என்ற விதி "சரக்கு வந்தால் பணம்" என்று மாறியது, அவ்வளவுதான்.

இந்தக் கதையை எல்லா எம்பிஏ அறிக்கையிலும் பார்க்கலாம். ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகருங்கள், அதற்கு மேல் இடம் கொடுக்க வேண்டாம். ஆனால் அதை நம் ஊருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதையும் எழுதுங்கள், அங்கேதான் உங்கள் மதிப்பு தெரியும். ஃபோர்டு பில்லையே ஒழித்தது. இங்கே ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்க சப்ளையரின் வரி பில் கட்டாயம் வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து அந்த பில் நம்முடைய ஜிஎஸ்டிஆர்-2பியில் (சப்ளையர்கள் பதிவு செய்த பில்களின் மாதப் பட்டியல்) வந்திருந்தால்தான் வரவு. அதனால் பில் வரத்தான் செய்யும். நாம் மாற்ற முடிந்தது, பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்ற முடிவை அந்த பில்லின் தலையில் கட்டாமல், துணி கேட்டுக்குள் வரும் நேரத்திலேயே எடுத்துவிடுவது.

சரி, இப்போது நடக்கும் முறையை எப்படி எழுதுவது? டிபார்ட்மெண்ட் ஹெட்களைக் கூட்டி வைத்துக் கேட்காதீர்கள். எப்படி நடக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்களோ அதைத்தான் சொல்வார்கள். ஐபிஎம் கிரெடிட் என்ற கடன் நிறுவனத்தில், ஒரு கடன் விண்ணப்பம் பாஸாகச் சராசரி 6 நாள் ஆனது. இரண்டு மேனேஜர்கள் ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக நடந்தார்கள், இருக்கிற வேலையை ஒதுக்கிவிட்டு இதை முடித்துக் கொடுங்கள் என்று. உண்மையான வேலை மொத்தமே 90 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் காகிதம் மேஜையில் கிடந்த நேரம். நீங்களும் அதைச் செய்யுங்கள். போன சீசனில் முடிந்த பில்களில் ஒரு முப்பதை எடுங்கள். சுலபமாகப் போனதும் வேண்டும், சண்டையில் முடிந்ததும் வேண்டும். சாயம், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல் எல்லாம் கலந்து இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் டிசி (துணியோடு போகும் டெலிவரி சலான்) போன தேதி, துணி வந்த தேதி, பில் தேதி, பில் நம் கைக்கு வந்த தேதி, ஒவ்வொரு கையெழுத்தின் தேதி, பணம் போன தேதி என்று எக்செல்லில் போடுங்கள். கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லாத பில்கள் நிறைய வரும். அதையும் அறிக்கையில் ஒரு கண்டுபிடிப்பாகவே எழுதலாம்.

ஒரு பில் எப்படி நகர்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் பில்லில் வேறு இருக்கும். பின்னல் துணி, கோராவாக (சாயம் ஏற்றாமல்) 500 கிலோ, சாயப்பட்டறைக்கு நம் டிசியில் போகிறது. திரும்பி வருவது இரண்டு தடவையாக: முதல் லோடு 310 கிலோ, நாலு நாள் கழித்து 165. ஆக 475 கிலோ, 5 சதவீதம் எடை குறைந்திருக்கிறது. ஆர்டர் புரோகிராமில் மெர்ச்சண்டைசர் 4 சதவீதம்தான் போட்டிருக்கிறார். இந்த ஒரு சதவீதம் சாயத்தில் போனதா, கோராவிலேயே ஈரம் இருந்ததா, எடை போட்டவர் ரோல் குழாயைக் கழிக்க மறந்தாரா, யாருக்கும் தெரியாது. லோடு ராத்திரி வருகிறது. கேட்டில் செக்யூரிட்டி ரோல் எண்ணிக்கையை மட்டும் ரிஜிஸ்டரில் எழுதுகிறார். எடை போடுவது அடுத்த நாள் குடோனில். சாயப்பட்டறையின் டிசியில் அவர்களுடைய டிசி எண்ணும் லாட் எண்ணும் இருக்கிறது, நம் டிசி எண் இல்லை. இந்தச் சின்ன விஷயத்தை விடாதீர்கள். பின்னால் அக்கவுண்ட்ஸில் ஒரு பையன் லாட் எண்ணையும் கலரையும் வைத்து "இது அந்த டிசியா இருக்கும்" என்று ஊகித்து இணைப்பதற்கு அதுதான் காரணம்.

பத்து நாள் கழித்து பில் வருகிறது. ரேட் டார்க் ஷேடுக்கு உரியது. ஃபேப்ரிக் மேனேஜர் மீடியம் ஷேடு என்று நினைத்திருந்தார், மெர்ச்சண்டைசர் போனில் "டார்க் ரேட்டே போட்டுக்குங்க, நாளைக்குத் துணி வேணும்" என்று சொன்னது அவருக்குத் தெரியாது. பில் 500 கிலோவுக்கா, 475-க்கா என்பது அடுத்த கேள்வி. அவர் பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு மெர்ச்சண்டைசர் மேஜைக்கு அனுப்புகிறார். மெர்ச்சண்டைசர் பையர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். வந்தவுடன் அவருக்கு அந்த லாட்டில் ரீ-டையிங் (மறுபடி சாயம்) போனது ஞாபகம் வருகிறது, டெபிட் நோட்டு (குறைக்காக பில் தொகையில் பிடித்தம்) போட வேண்டும் என்கிறார். துணி அதற்குள் கட்டிங் ஆகி, தைத்து, பாதி பெட்டிக்குள் போய்விட்டது. சாயப்பட்டறைக்காரர், "வெட்டறதுக்கு முன்னால சொல்லியிருந்தா நான் வந்து பார்த்திருப்பேனே" என்கிறார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. பில் அக்கவுண்ட்ஸுக்கு வந்து, டிசி நகல் இல்லை என்று திரும்பிப் போய், மறுபடி வந்து, முதலாளி கையெழுத்துக்குக் காத்திருந்து, பணம் போகிறது. எல்லாரும் சேர்ந்து அந்த பில்லைக் கையில் வைத்து வேலை பார்த்தது முக்கால் மணி நேரம் இருக்கும். கடந்தது ஒன்றரை மாதம்.

உங்கள் முப்பது பில்லிலும் இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாகக் காட்டுங்கள்: வேலை செய்த நேரம், கிடந்த நேரம். அறிக்கையில் முதலாளி இரண்டாவது தடவை திருப்பிப் பார்க்கும் பக்கம் அதுதான்.

அப்புறம் காரணம். இங்கே நிறைய பேர் "தகவல் தொடர்புக் குறைபாடு" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது காரணம் இல்லை, சாக்கு. மேலே சொன்ன பில்லில் எல்லாத் தகராறும் ஒரே இடத்துக்குப் போகிறது: துணி வெளியே போகும்போது முடிவு செய்திருக்க வேண்டிய நாலு விஷயத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த ஷேடு ரேட், எந்த எடைக்கு பில், எவ்வளவு எடைக் குறைவு ஒத்துக்கொள்வோம், குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் சொல்வோம். இந்த நாலும் பில் வந்த பிறகு பேசப்படுகின்றன, அப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு ஞாபகம்.

கையெழுத்துகளையும் இதே மாதிரி விசாரியுங்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு பழைய கதை இருக்கும். எப்போதோ ஒருத்தர் போலி பில் போட்டிருப்பார், அன்றிலிருந்து இன்னொரு கையெழுத்து சேர்ந்திருக்கும். அந்த ஆள் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும், கையெழுத்து மட்டும் நிற்கும். உங்கள் முப்பது பில்லில் ஒவ்வொரு கையெழுத்தும் எத்தனை தடவை எதையாவது மாற்றியது என்று எண்ணுங்கள். ஒன்றையுமே மாற்றாத கையெழுத்து எதைக் காவல் காக்கிறது? பெரும்பாலும் அது முதலாளியின் கையெழுத்தாகவே இருக்கும், அதனால் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். "தங்கள் பார்வைக்கு வந்த பில்களில் தொகை மாறியது இத்தனை" என்று எண்ணை மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடுங்கள். அவரே புரிந்துகொள்வார்.

புதிய முறையை எழுதும்போது கொள்கை விளக்கம் வேண்டாம், ஒரு லாரி துணி எப்படிப் போய் எப்படி வரும் என்று கதை மாதிரி எழுதுங்கள். ரேட், எடை அடிப்படை, ஒத்துக்கொண்ட எடைக் குறைவு மூன்றும் இருக்கும் ஜாப் ஒர்க் ஆர்டர் இல்லாமல் டிசி பிரிண்ட் ஆகாது. அவசரத்துக்கு மெர்ச்சண்டைசர் ரேட்டை மாற்றினால் அந்த ஆர்டரில் மாற்றிவிட்டுத்தான் போன் செய்ய வேண்டும். திரும்பி வரும் டிசியில் நம் டிசி எண் இல்லையென்றால் கேட்டில் இறக்கக் கூடாது. இது காசு செலவில்லாத மாற்றம், ஆனால் முதல் பதினைந்து நாள் சத்தம் வரும். எடை கேட்டிலேயே, டிரைவர் முன்னால். ஒத்துக்கொண்ட அளவுக்குள் இருந்தால் அன்றைக்கே அது கொடுக்க வேண்டிய பாக்கியாகக் கணக்கில் ஏறிவிடும். அளவு தாண்டியதும் ரேட் மாறியதும் மட்டும் ஃபேப்ரிக் மேனேஜரிடம் போகும். ஷேடு, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை), கறை பார்ப்பது கட்டிங்குக்கு முன்னால். டெபிட் நோட்டு போடுவதாக இருந்தால் துணி வந்து இத்தனை நாளுக்குள், அதுவும் துணி கத்திக்குப் போவதற்குள். அதற்குப் பிறகு சாயப்பட்டறை மீது பேச்சு இல்லை. இந்த ஒரு விதிக்கு உள்ளுக்குள் எதிர்ப்பு அதிகமாக வரும். ஏனென்றால் பில் நேரத்து டெபிட் நோட்டு சில இடங்களில் ரேட் குறைக்கும் கருவியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. முதலாளிக்கு அது தெரிந்தே நடக்கிறதா என்பதை விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

பணம் வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை. நம் ஊரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். பத்து மெஷின் போட்டுத் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்காரருக்கு வெள்ளி சாயந்தரம் வரும் பணமும் திங்கட்கிழமை வரும் பணமும் ஒன்றல்ல. அந்த ஒரு நாள் உறுதியாக இருந்தால், ரேட்டில்கூடப் பேச இடம் உண்டு.

இதே பொருத்திப் பார்க்கும் வேலையை அக்கவுண்ட்ஸ் இன்னொரு தடவையும் செய்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. என்ன போனது, என்ன வந்தது என்று ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து, விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அதற்குள் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை. அந்த நேரத்தில் பழைய டிசிகளைக் கட்டுக்கட்டாக எடுத்து உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். கேட்டில் நம் டிசி எண்ணோடு எடை ஏறிவிட்டால் இரண்டுக்கும் ஒரே வேலை போதும்.

லாபக் கணக்குக்கு வருவோம். அறிக்கைகளில் அதிகமாகப் பொய் வருவது இங்கேதான். "செயல்திறன் 60 சதவீதம் உயரும்" என்று எழுதாதீர்கள், எங்கிருந்து வந்தது என்று ஆடிட்டர் கேட்டால் பதில் இருக்காது. நிஜமான கணக்கு ஒன்று இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ன் எம்எஸ்எம்இ சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அந்த வட்டியைச் செலவாகவும் காட்ட முடியாது. அதோடு 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் ஒரு விதியைச் சேர்த்தது: கெடு தாண்டிய பாக்கி, பணம் கொடுத்த வருஷத்தில்தான் செலவாக ஏற்கப்படும். 2025 ஏப்ரலிலிருந்து சிறு நிறுவன வரம்பு விற்றுமுதல் 100 கோடி, முதலீடு 25 கோடி வரை உயர்ந்துவிட்டது. அப்படியானால் உங்கள் ஜாப் ஒர்க் பட்டியலில் பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல் யூனிட்கள் ஏறக்குறைய எல்லாமும், சாயப்பட்டறைகளில் பலவும் இதற்குள் வரும். யாரிடம் உத்யம் பதிவு (அரசின் எம்எஸ்எம்இ பதிவு) இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து இணையுங்கள். பல கம்பெனிகளில் அந்தப் பட்டியலே இல்லை.

ஒரு உதாரணம். மார்ச் 31 அன்று கெடு தாண்டிய பாக்கி 40 லட்சம் நிற்கிறது என்று வையுங்கள். அந்த வருஷ வருமானத்தில் 40 லட்சம் கூடும். சலுகை விகிதத்தில் வரி கட்டும் தனியார் லிமிடெட் கம்பெனி என்றால் செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 25.17 சதவீதம், ஆக பத்து லட்சம் ரூபாய் வரி முன்கூட்டியே போகும். ஆனால் அடுத்த வருஷம் பணம் கொடுத்ததும் அந்தச் செலவு கழிவாகக் கிடைத்துவிடும். எனவே இதைப் பத்து லட்சம் மிச்சம் என்று எழுதுவது தப்பு, ஒரு வருஷத்துக்குக் கையில் இருந்து போகும் பணம் என்று எழுதுங்கள். ஏப்ரலில் வாங்கிய வேலைக்கு ஆகஸ்டில் கொடுத்தால் வரியில் பாதிப்பு இல்லை, வட்டிப் பொறுப்பு மட்டும் உண்டு. இந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டினால் ஆடிட்டர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். சீக்கிரம் கொடுப்பதால் கூடும் நடைமுறை மூலதனத்துக்கு வங்கி வட்டி என்ன ஆகும் என்பதையும் எதிர்ப் பக்கத்தில் போடுங்கள். கேட்டில் தராசு, சாஃப்ட்வேரில் மாற்றம், இரண்டு முறையும் சேர்ந்து ஓடும் காலத்தில் கூடுதல் ஆள், எல்லாவற்றையும் செலவில் காட்டுங்கள்.

சாஃப்ட்வேர் என்றதும் ஒன்று. இந்த மாதிரி அறிக்கைகள் பாதிக்கு மேல் ஏதோ ஒரு ஈஆர்பியை (எல்லா டிபார்ட்மெண்டையும் இணைக்கும் சாஃப்ட்வேர்) வாங்கச் சொல்லித்தான் முடிகின்றன. டெமோ காட்ட வருபவர் உங்கள் அறிக்கையையே தான் எழுதித் தருவதாகச் சொல்வார், இலவசமாக. வேண்டாம். தப்பான வழியை வேகமாக ஓட்டினால் தப்பு வேகமாக நடக்கும், அவ்வளவுதான். இப்போது இருக்கும் டாலி கணக்கு சாஃப்ட்வேரில் ஜாப் ஒர்க் ஆர்டர், டிசி, எடை வரவு மூன்றையும் எவ்வளவு தூரம் இணைக்கலாம் என்று முதலில் பாருங்கள். போதாவிட்டால் என்ன போதவில்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள், விற்பவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.

ஆட்கள் விஷயம் நுணுக்கமானது. ரீ-இன்ஜினியரிங் என்ற பேரே 1990-களில் அமெரிக்காவில் ஆட்குறைப்புக்கு மறுபெயர் ஆகிவிட்டது. ஹேமருக்குச் சமகாலத்தில் இதே துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான தாமஸ் டேவன்போர்ட், 1995-லேயே இது மனிதர்களை மறந்த மோகம் என்று கண்டித்து எழுதினார். உங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸில் இருப்பது 500 பேர் இல்லை, நாலைந்து பேர். அங்கே ஆளைக் குறைத்து மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் இந்த மாற்றத்தால் யாரையும் அனுப்பப் போவதில்லை என்று முதலாளியிடம் வாக்கு வாங்கிவிட்டுத்தான் முதல் மேஜைக்கே போக வேண்டும். அது இல்லாமல் போனால் ஒருத்தரும் உண்மையான தேதியைத் தரமாட்டார்.

வேலை போகாது, ஆனால் சிலருடைய அதிகாரம் போகும். பில்லை நிறுத்தி வைக்க முடிகிற ஃபேப்ரிக் மேனேஜருக்கு சாயப்பட்டறைகளில் ஒரு மரியாதை இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு அவர் போன் செய்தால் துணி முன்னால் வருவது அதனாலும்தான். இதைக் கெட்டது என்று மட்டும் பார்க்காதீர்கள், கம்பெனி அந்த மரியாதையை வைத்துப் பல ஷிப்மெண்டைக் காப்பாற்றியிருக்கும். பில் கையை விட்டுப் போனால் அவர் கையில் வேறு என்ன இருக்கும்? யாருக்கு எவ்வளவு துணி கொடுப்பது என்ற பங்கீடு அவரிடம் இருக்கட்டும், நேரத்துக்குத் தருபவர் யார் என்ற மாதக் கணக்கு அவர் பேரில் வரட்டும். அறிக்கையில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஆள் பேர் வேண்டாம், பதவி போதும். முதலாளியிடம் காட்டும் முன் வரைவை ஃபேப்ரிக் மேனேஜரிடம் காட்டுங்கள். அவர் அடிக்கும் திருத்தங்களில் பாதி நியாயமாக இருக்கும், கோராவின் ஈரம் மாதிரி உங்களுக்குத் தெரியாத விஷயங்கள் அங்கேதான் வரும்.

இனி எழுதும் வடிவம். முதல் பக்கத்தில் முதலாளி எடுக்க வேண்டிய முடிவு இருக்க வேண்டும், நிறுவன வரலாறு அல்ல. கிட்டத்தட்ட இப்படி: "ஜாப் ஒர்க் பில்களுக்குப் பணம் போக இப்போது சராசரி இத்தனை நாள் ஆகிறது; இதில் வேலை நேரம் ஒரு மணிக்கும் குறைவு. காரணம், ரேட்டும் எடை அடிப்படையும் துணி வெளியே போகும்போது பதிவாவதில்லை. ஒரு சாயப்பட்டறை, ஒரு பிரிண்டிங் யூனிட்டோடு மட்டும் இரண்டு மாதம் புதிய முறையை ஓட்டிப் பார்க்க அனுமதி வேண்டும். செலவு இவ்வளவு. தங்கள் கையெழுத்து இத்தனை ரூபாய்க்கு மேற்பட்ட பில்லுக்கு மட்டும் வேண்டும் என்பதில் தங்கள் ஒப்புதல் வேண்டும்." அவ்வளவுதான். இதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஆதாரம்: பழைய வழி ஒரு ஏ3 தாளில், புதிய வழி ஒரு ஏ3 தாளில், முப்பது பில் அட்டவணை, பணக் கணக்கு, ஆட்கள், சோதனை ஓட்டம். எல்லாம் சேர்த்துப் பதினைந்து பக்கம் தாண்டினால் நறுக்குங்கள். கேட்டில் இருப்பவருக்கும் குடோன்காரருக்கும் புதிய முறையை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி இணையுங்கள். அவர்கள் ஆங்கில அறிக்கையைப் படிக்கப் போவதில்லை. மாற்றம் நடக்கப் போவதோ அவர்கள் கையில்.

சோதனை ஓட்டத்தை மார்ச்சில் வைக்காதீர்கள், வருஷக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் எதுவும் தெரியாது. பெரிய ஷிப்மெண்ட் இருக்கும் மாதமும் வேண்டாம். துணி வந்ததிலிருந்து பணம் போகும் வரை எத்தனை நாள், எத்தனை பில் தகராறில் நின்றது, கட்டிங்குக்கு முன் எத்தனை குறை பிடிபட்டது, இந்த மூன்றை மட்டும் அளந்து பாருங்கள். எந்த எண் எந்த அளவுக்கு வந்தால் எல்லா யூனிட்டுக்கும் விரிப்பது, எதற்குக் கீழே போனால் பழைய முறைக்கே திரும்புவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். ஓட்டம் முடிந்த பிறகு எழுதினால் எல்லாமே வெற்றியாகத் தெரியும்.

ஒரு மாதம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதும், நேரத்தைச் சரியாகப் பிரித்தால். பாதி நேரத்துக்கு மேல் பில்களுக்குத் தேதி தேடுவதிலும் மேஜை மேஜையாக நடப்பதிலும் போகட்டும். ஒரு ராத்திரி கேட்டில் உட்கார்ந்து லோடு இறங்குவதைப் பாருங்கள். இரண்டு மூன்று ஜாப் ஒர்க் யூனிட்களுக்கு நேரில் போய், அவர்கள் லெட்ஜரில் உங்கள் கம்பெனி பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் புத்தகத்தில் இருக்கும் தேதியோடு அது சேராது. எழுதுவதற்குக் கடைசி வாரம் தாராளம்.

கட்டமும் அம்புக்குறியும் வரைய ஒரு சாயந்தரம் போதும்.